சாவி வந்தாச்சு, சுவரில் விரிசலும் வந்தாச்சு: டெவலப்பரிடம் என்ன கேட்கலாம்?

மூணு வருஷம் காத்திருந்து கொண்டோ சாவியை வாங்கியிருக்கீங்க. கதவைத் திறந்து உள்ளே போனால் குளியலறையில் தண்ணீர் வடியாமல் குளம் மாதிரி நிற்கிறது. வரவேற்பறைச் சுவரில் ஜன்னல் ஓரமா ஒரு விரிசல். தரை டைலைத் தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்கிறது. டெவலப்பரின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்புறீங்க. “நோட்டட்” என்று பதில் வருகிறது. அதோடு சரி. இதற்கிடையே வங்கிக் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மலேசியாவில் முதல் வீடு வாங்கும் பலருக்கும் பழகிய கதைதான் இது. ஆனால் இந்த இடத்தில் சட்டம் உங்க பக்கம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. நாள் கணக்கு, ரிங்கிட் கணக்கு எல்லாமே எழுதி வைக்கப்பட்டிருக்கு. எங்கே? நீங்க கையெழுத்துப் போட்டுவிட்டு அலமாரியில் வைத்த அந்தத் தடிமனான விற்பனை ஒப்பந்தத்தில்.

முதலில் அந்த ஒப்பந்தத்தை எடுங்க

தீபகற்ப மலேசியாவில் உரிமம் பெற்ற டெவலப்பரிடம் நேரடியாக வீடு வாங்கினால், ஒப்பந்தத்தின் வாசகங்களை டெவலப்பர் இஷ்டத்துக்கு எழுத முடியாது. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 118, அதற்கான படிவத்தையே வகுத்து வைத்திருக்கிறது. தரை வீடுகளுக்கு அட்டவணை ஜி. அடுக்குமாடி, கொண்டோ போன்ற ஸ்ட்ராட்டா வீடுகளுக்கு அட்டவணை எச். (சபா, சரவாக்கில் இதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. இங்கே சொல்வது தீபகற்பத்துக்கு மட்டும்.)

உங்க ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் ‘அட்டவணை எச்’ என்று இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் கீழே வரும் எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். வணிக நிலத்தில் கட்டப்பட்ட சோஹோ, சோஃபோ மாதிரி யூனிட்டுகள் சில இந்தச் சட்டத்துக்கு வெளியே விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் அதுவும் வீடு மாதிரியேதான் தெரியும். ஆனால் ஒப்பந்தம் வேறு, பாதுகாப்பும் வேறு. வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் கருத்து. விலையைக்கூட அப்புறம் கேட்கலாம்.

ஆடி போகட்டும் என்று காத்திருந்தால்?

வீடு தயார், வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று டெவலப்பரிடமிருந்து கடிதம் வரும். நம்ம வீடுகளில் என்ன நடக்கும்? “ஆடி மாசம் போகட்டும், ஆவணியில நல்ல நாள் பார்த்து வாங்கலாம்” என்று அம்மா சொல்வார்.

நல்ல நாள் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடிதம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள் முடிந்தால், நீங்க சாவியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வீடு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். குறைகளுக்கு டெவலப்பர் பொறுப்பேற்கும் 24 மாதக் காலமும் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். ஜூலை தொடக்கத்தில் கடிதம் வந்து செப்டம்பரில் சாவி வாங்கினால், அந்த 24 மாதத்தில் ஒரு மாதம் உங்களுக்குத் தெரியாமலேயே போய்விட்டிருக்கும்.

ஒரு வழி இருக்கு. சாவியை உடனே வாங்கிடுங்க, குறைகளைப் பாருங்க. பால் காய்ச்சுவதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

சாவி வாங்கிய முதல் வாரமே வீட்டைச் சோதிப்பது நல்லது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாளி தண்ணீரை குளியலறைத் தரையிலும் பால்கனியிலும் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்க. ஒரு நாணயத்தால் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டுங்க. வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. கைபேசி சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகுங்க. எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்க. நல்ல மழை பெய்த அடுத்த நாள் மீண்டும் ஒரு முறை போய் ஜன்னல் ஓரங்களைத் தொட்டுப் பாருங்க. இதையெல்லாம் தேதியோடு படம் எடுத்து வைங்க. இதை முடிக்கும் முன்பு சுவரை இடித்து ரினவேஷன் தொடங்க வேண்டாம். தொடங்கிவிட்டால், “இந்த விரிசல் உங்க ஆள் உடைத்ததால் வந்தது” என்று டெவலப்பர் சொல்ல இடம் கொடுத்தாகிவிடும்.

30 நாள், பிறகு 14 நாள்

இப்போதுதான் முக்கியமான கட்டம். அட்டவணை எச் சொல்வது இது: ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் வெளியே தெரியும் குறை, அது மோசமான வேலையாலோ தரமில்லாத பொருளாலோ, அல்லது ஒப்புக்கொண்ட வரைபடத்தின்படி கட்டாததாலோ வந்தது என்றால், டெவலப்பர் தன் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்துபூர்வமாக நீங்க தெரிவித்த 30 நாளுக்குள்.

எழுத்துபூர்வமாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணனிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. டெவலப்பரின் குறைப்பட்டியல் படிவத்தை நிரப்பினால், அதிகாரியின் கையெழுத்து, முத்திரை, தேதி உள்ள ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்க. இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்க. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைங்க, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

30 நாள் போய்விட்டது, யாரும் வரவில்லை. அல்லது வந்தார்கள், விரிசல் மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து என்ன?

குத்தகையாளர் ஒருவரை அழைத்து, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கொட்டேஷன் வாங்குங்க. அந்தத் தொகையைக் குறிப்பிட்டு, “நானே ஆள் வைத்துச் சரிசெய்யப் போகிறேன்” என்று டெவலப்பருக்கு இரண்டாவது கடிதம் அனுப்புங்க. அவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக 14 நாள் கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் செய்யவில்லை என்றால் நீங்களே வேலையைத் தொடங்கி, செலவை அவர்களிடமிருந்து திரும்பப் பெறலாம்.

இந்த வரிசையை மாற்றிவிடாதீங்க. பொறுமை இழந்து முதலில் ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு பில்லை அனுப்பினால், “எங்களுக்கு வாய்ப்பே தரவில்லையே” என்று கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

பணம் எங்கே இருக்கிறது தெரியுமா?

இந்தத் தலைப்பில் எனக்குப் பிடித்த பகுதி இது. வீட்டு விலையில் கடைசி 5 விழுக்காடு டெவலப்பரின் கைக்கு நேராகப் போவதில்லை. வீட்டை ஒப்படைத்த பிறகும் அது டெவலப்பரின் வழக்கறிஞரிடம் பிணைத் தொகையாக இருக்கும். அதில் 2.5 விழுக்காடு 8 மாதம் முடிந்ததும், மீதி 2.5 விழுக்காடு 24 மாதம் முடிந்ததும் டெவலப்பருக்குப் போகும்.

உங்க வீடு 4 லட்சம் ரிங்கிட் என்று வைப்போம். 20,000 ரிங்கிட் அங்கே இருக்கிறது. 8-ஆவது மாதம் 10,000, 24-ஆவது மாதம் இன்னொரு 10,000. குறைகளைச் சரிசெய்ய நீங்க செலவழித்த தொகையை இதிலிருந்து கேட்டு வாங்கலாம்.

அதனால்தான் குறைகளைப் பற்றி எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் அந்த வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். உரிய காலத்துக்குள் குறை தெரிவிக்கப்பட்டிருந்தால், அது சரிசெய்யப்பட்டது என்று டெவலப்பரின் கட்டடக் கலைஞர் சான்றளிக்கும்வரை அவர் பணத்தை விடுவிக்கக் கூடாது. சும்மா இருந்த டெவலப்பர், இந்தப் பிரதி போன பிறகு சுறுசுறுப்பாவதற்கு இதுவே போதுமான காரணம்.

வீடே தாமதமாக வந்தால்?

குறை ஒரு பக்கம். தாமதம் இன்னொரு பக்கம். அட்டவணை எச்சின்படி 36 மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தரை வீட்டுக்கு 24 மாதம். தாண்டினால், வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில், நாள் நாளாகக் கணக்கிட்டு டெவலப்பர் இழப்பீடு தர வேண்டும். உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தாமதமானாலே போதும்.

அதே 4 லட்சம் ரிங்கிட் வீடு. ஆண்டுக்கு 40,000. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 109 ரிங்கிட் 59 சென். 120 நாள் தாமதம் என்றால் 13,150 ரிங்கிட்.

நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம் போன்ற பொது வசதிகள் தாமதமானால் தனிக் கணக்கு. அங்கே வீட்டு விலையின் கடைசி 20 விழுக்காட்டுக்கு மட்டும் 10 விழுக்காடு. நம்ம உதாரணத்தில் நாளுக்கு 22 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, 36 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஒப்பந்தத்தில் போட்ட தேதியிலிருந்து என்றுதான் டெவலப்பர்கள் சொல்லி வந்தார்கள். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும்? விற்பனை அரங்கில் முன்பதிவுக் கட்டணம் வாங்கிவிடுவார்கள். ஒப்பந்தக் கையெழுத்து சில மாதம் கழித்துத்தான். இத்தனைக்கும் சட்டத்தின்படி அப்படி முன்பதிவுப் பணம் வாங்கவே கூடாது. 2021 ஜனவரியில் பிஜேடி ரீஜென்சி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு முடிவு சொன்னது: முன்பதிவுக் கட்டணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. மார்ச் 1-இல் முன்பதிவு செய்து ஜூன் 30-இல் கையெழுத்துப் போட்டிருந்தால் 121 நாள் வித்தியாசம். ரிங்கிட்டில் 13,260. விற்பனை அரங்கில் கொடுத்த அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கீங்களா? தேடிப் பாருங்க.

இன்னொரு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். சில டெவலப்பர்கள் அமைச்சிடம் கால நீட்டிப்பு வாங்கி 36 மாதத்தைக் கூட்டிவிடுவார்கள். 2019 நவம்பரில் ஆங் மிங் லீ வழக்கில், அப்படி நீட்டிப்புக் கொடுக்க வீடமைப்புக் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரம் தந்த விதியே செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எந்த ஒப்பந்தங்களுக்கு எதுவரை பொருந்தும் என்ற கேள்வி அதன் பிறகும் நீதிமன்றங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்க ஒப்பந்தத்தில் 36-க்குப் பதிலாக 48 அல்லது 54 மாதம் என்று இருந்தால், அதை வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பதே சரி.

இன்னொன்று. டெவலப்பர் தாமதித்தார் என்பதற்காக உங்க பணத்தை நிறுத்திவிடாதீங்க. நீங்க தாமதமாகக் கட்டினால் உங்களுக்கும் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி உண்டு. வங்கித் தவணையை நிறுத்தினாலோ பிரச்சினை டெவலப்பரோடு இல்லை, வங்கியோடு.

10 ரிங்கிட்டில் ஒரு வழக்கு

கடிதம் போட்டும் நடக்கவில்லை என்றால் போக வேண்டிய இடம், வீடு வாங்குவோர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெம்பெலி ரூமா, சுருக்கமாக டிடிபிஆர். 2002 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது.

கட்டணம் 10 ரிங்கிட். 50,000 ரிங்கிட்வரை கோரலாம். பெரும்பாலும் வழக்கறிஞர் யாரும் வர முடியாது, டெவலப்பர் பக்கத்திலும்தான். நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் வருவார், நீங்க வருவீங்க. உங்க கதையை நீங்களே சொல்லணும். இளைஞர்களுக்கு இது கொஞ்சம் பயமாக இருக்கும், ஆனால் நீதிமன்றப் படிக்கட்டு மாதிரி நினைக்க வேண்டாம். தேதி வரிசையில் அடுக்கிய ஒரு கோப்பு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது: ஒப்பந்தம், ஒப்படைப்புக் கடிதம், குறைப்பட்டியல், இரண்டு கடிதங்கள், படங்கள், கொட்டேஷன்.

படிவம் 1-ஐ நிரப்பிக் கொடுத்த பிறகு, பிரதி டெவலப்பருக்குப் போகும். அவர் 14 நாளுக்குள் பதில் மனு கொடுக்க வேண்டும். விசாரணை தொடங்கிய முதல் நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் தீர்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தத் தீர்ப்பை நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

ஆனால் காலக்கெடு கடுமையானது. பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். 24 மாதக் குறைப் பொறுப்புக் காலம் முடிந்த 12 மாதத்துக்குள், அல்லது சிசிசி எனப்படும் கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைத்த 12 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். வீடு முடியும் முன்பே ஒப்பந்தம் ரத்தாகியிருந்தால், ரத்தான நாளிலிருந்து 12 மாதம். அதற்குப் பிறகு போனால், உங்க பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தீர்ப்பாயத்தால் கேட்க முடியாது.

வேறொருவரிடமிருந்து வாங்கிய வீடாக இருந்தால்? முதல் வாங்குநரிடமிருந்து வாங்கியவரையும் சட்டம் 118 ‘வீடு வாங்குபவர்’ என்றே சொல்கிறது. காலக்கெடு முடியவில்லை என்றால் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது.

50,000-க்கு மேல் போனால்

இரண்டு வழி. மிச்சத்தை விட்டுக்கொடுத்துத் தீர்ப்பாயத்துக்கே போகலாம். ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை போட முடியாது. அல்லது நீதிமன்றம். ஒரு லட்சம் ரிங்கிட்வரை மாஜிஸ்திரேட், பத்து லட்சம்வரை செஷன்ஸ். ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கட்டும்போதே இருந்து, பிறகு வெளியே தெரியும் மறைந்த குறைகளுக்கு 2019 செப்டம்பர் முதல் கூடுதல் காலமும் சட்டத்தில் உண்டு. ஆக, 24 மாதம் தாண்டிவிட்டது என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று டெவலப்பரின் ஊழியர் சொன்னால் நம்பிவிடாதீங்க. முடிந்தது எளிய வழி மட்டும்தான். நீதிமன்ற வழியில் செலவும் காலமும் அதிகம் என்பதும் உண்மை. 60,000 ரிங்கிட் கோரிக்கைக்கு 10,000-ஐ விட்டுக்கொடுப்பதே பல நேரம் லாபம். கணக்குப் போட்டுப் பாருங்க.

ஒரே விஷயத்தைத் தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும்.

லிஃப்ட் உங்க வீட்டுக்குள் இல்லையே

லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, கார் நிறுத்துமிடத்தில் கூரை ஒழுகுகிறது. இவை பொதுச் சொத்து. இங்கே 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757 வருகிறது. பொதுப் பகுதிக் குறைகளுக்காக டெவலப்பர் ஒரு வைப்புத்தொகையை உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட ஆணையரிடம் கட்டியிருக்க வேண்டும். கூட்டு நிர்வாகக் குழு வழியாக அந்தப் பணத்தை நாடலாம். பொதுக்கூட்டத்துக்குப் போகாமல் குரூப்பில் மட்டும் புலம்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அந்தக் கூட்டம்தான் ஆயுதம். நிர்வாகத் தகராறுகளுக்குத் தனியாக ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயமும் உண்டு. அங்கே வரம்பு 250,000 ரிங்கிட்.

மேல் வீட்டிலிருந்து உங்க கூரையில் தண்ணீர் சொட்டினால், முதலில் மேல் வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நிர்வாகத்துக்கு எழுதுங்க. அவர்கள் 7 நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை கசிவு மேல் வீட்டிலிருந்து வருகிறது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீடு புதியது, 24 மாதம் முடியவில்லை என்றால் மேல் வீட்டுக்காரரும் உங்களைப் போலவே டெவலப்பருக்கு எழுத வேண்டியவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

சமையலறை கேபினெட் கோணலாக இருக்கிறது, அதை நீங்களே ஆள் வைத்துப் போட்டது என்றால் டெவலப்பரைக் கேட்க முடியாது. அதற்குப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கேயும் வரம்பு 50,000 ரிங்கிட், கட்டணம் 5 ரிங்கிட். ரினவேஷன் குத்தகையாளர் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனாலும் அங்கேதான் போகணும். அவருடைய நிறுவனப் பதிவு எண் கையில் இல்லாவிட்டால் யார் மேல் கோரிக்கை வைப்பது என்பதே சிக்கலாகிவிடும். முன்பணம் கொடுக்கும்போதே அதைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க.